களைப்பூவும் கற்பனையும்

விடுதிக்கு வந்த முதல் வாரத்தில் என்னைப் பலரும் கேட்ட கேள்வி, "உன் ஊர் எது?" என்பதுதான். ஒவ்வொரு முறையும் "தஞ்சாவூர்ப் பக்கம்" என்று விடை சொன்னேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. ஊரின் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு புகைவண்டி நிலையம், ஒரு குளம், மூடிக் கிடக்கும் ஓர் அரிசி ஆலை, இரண்டு டீக்கடைகள். இவ்வளவுதான் என் ஊர். வரலாறு அங்கே நின்றதில்லை. விரைவு வண்டியும் நிற்பதில்லை.

சென்ற ஆண்டு நம் சங்க மலருக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். பனிமலை, வெள்ளிக் கோட்டை, தீ உமிழும் நாகம் எல்லாம் அதில் இருந்தன. மலர்க்குழுவில் இருந்த மூத்த மாணவர் ஒருவர் பொறுமையோடு முழுவதும் படித்தார். பிறகு, "தம்பி, நீ பனி பெய்து பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணா."

"அதனால்தான் படிக்கிற எனக்கும் குளிரவில்லை" என்று சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்தார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் அதைக் கண்டுகொள்ளாதவர்போல், "நூலகத்தில் ரே பிராட்பரியின் புத்தகங்கள் இருக்கின்றன, எடுத்துப் படி" என்றார்.

படித்தேன். சின்னஞ்சிறு ஊரின் அன்றாட வாழ்க்கையிலிருந்து மாயக்கதை எவ்வாறு முளைக்கிறது என்பதை அவர் நூல்களில் கண்டேன். அவ்வாறு கண்டதை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் சிறுவனும்

ரே பிராட்பரி 1920 ஆகஸ்டு 22-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து வாக்கீகன் என்னும் ஊரில் பிறந்தார். சிகாகோவுக்கு வடக்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்தது அவ்வூர். தந்தை மின்சார நிறுவனத்தில் கம்பிப் பணியாளர். தாய் சுவீடனிலிருந்து குடியேறியவர். வீட்டருகே தாத்தா பாட்டி வாழ்ந்த வீடு, நடந்து போகும் தூரத்தில் ஒரு நூலகம், ஊரை ஊடறுத்துச் செல்லும், மரம் மண்டிய ஆழமான ஓர் ஓடைப்பள்ளம், ஏரியில் ஒரு துறைமுகம், நிலக்கரி மேடைகள், இருப்புப்பாதைகள். இவையே அவருடைய இளமை உலகம்.

1934-இல், அவருக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, குடும்பம் பிழைப்புத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப்படிப்பு 1938-இல் முடிந்தது. கல்லூரிக்குச் செல்லப் பணம் இல்லை. தெருமுனையில் நின்று செய்தித்தாள் விற்றார். பொது நூலகத்தையே பல்கலைக்கழகமாகக் கொண்டார். 2012-இல் தம் 91-ஆம் வயதில் அவர் மறையும்வரை பெரும்பாலும் அந்நகரிலேயே வாழ்ந்தார். ஆயினும் பதின்மூன்று வயதில் விட்டு வந்த ஊரை அவருடைய எழுதுகோல் விடவில்லை. கதைகளில் அதற்கு 'கிரீன் டவுன்', அதாவது பசுமை நகர், என்று பெயர் சூட்டினார்.

அவரை அறிவியல் புனைகதை ஆசிரியர் என்றே பலர் குறிப்பர். அவரோ அதனை ஏற்றுக்கொண்டதில்லை. 'ஃபாரன்ஹீட் 451' ஒன்றே தாம் எழுதிய அறிவியல் கதை என்றும், மற்றவை மாயக்கதைகளே என்றும் சொல்லி வந்தார். மாயக்கதைக்கு உரம் எங்கிருந்து கிடைத்தது என்பதை இனிக் காண்போம்.

பெயர்ப் பட்டியல்

பன்னிரண்டு வயதில் பிராட்பரிக்கு ஒரு விளையாட்டுத் தட்டச்சுப்பொறி கிடைத்தது. அன்றுமுதல் நாள் தவறாமல் எழுதினார். ஆனால் அடுத்த பத்து ஆண்டுகள் எழுதியவை பெரும்பாலும் பிறரைப் பார்த்து எழுதியவை. தமக்குப் பிடித்த ஆசிரியர்களின் செவ்வாய்க் கோளையும் பேய் மாளிகைகளையும் தாமும் கட்டிப் பார்த்தார். கட்டடம் எழுந்தது, உயிர் குடியேறவில்லை. இதைப் படித்தபோது என் வெள்ளிக் கோட்டை நினைவுக்கு வந்தது. பத்து ஆண்டுகள் தவறியவர் முன்னே ஒரு கதையில் தவறிய நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று ஆறுதலும் பிறந்தது.

பிறகு அவர் ஓர் எளிய வழியைக் கண்டார். கதையைப் பற்றி எண்ணாமல், மனத்தில் தோன்றும் பெயர்ச்சொற்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ஏரி, இரவு, ஓடைப்பள்ளம், பரண், குதிரை இராட்டினம், கண்ணாடிக் கூடம் என்று பட்டியல் நீண்டது. 'இச்சொல்லை நான் ஏன் எழுதினேன்?' என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்டார். விடை தேடத் தேடக் கதை வந்தது. பிற்காலத்தில், 1990-இல் வெளிவந்த 'சென் இன் த ஆர்ட் ஆஃப் ரைட்டிங்' என்னும் கட்டுரைத் தொகுப்பில் இம்முறையை அவரே விளக்கியிருக்கிறார்.

அவ்வாறு பிறந்ததே 'த லேக்' என்னும் சிறுகதை. அதை எழுதியபோது அவருக்கு வயது 22. சிறுவயதில் ஏரியில் இறங்கித் திரும்பி வராத ஒரு சிறுமியின் நினைவே அதற்கு வித்து. கதையில், சிறுவனும் சிறுமியும் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள்; ஒரு நாள் அவள் நீரில் மூழ்கிப் போவாள். அவன் பாதி வீடு கட்டி, மறுபாதியைக் கட்ட வருமாறு அவளை அழைப்பான், அவள் வரமாட்டாள். பல ஆண்டுகள் கழித்து, மணமானவனாக அதே கரைக்கு வரும்போது நீரோரத்தில் பாதி கட்டிய மணல்வீடு ஒன்றும், அதனருகே சிறிய காலடிகளும் இருக்கும். எழுதி முடித்தபோது தாம் அழுதுகொண்டிருந்ததாக பிராட்பரி சொல்லியிருக்கிறார். தம் சொந்தக் கதை ஒன்றைக் கண்டுவிட்டோம் என்பதை அக்கண்ணீரால் அறிந்துகொண்டார். 1944-இல் அக்கதை அச்சேறியது.

இதில் மாயம் எவ்வளவு? பாதி மணல்வீடும் சில காலடிகளும் மட்டுமே. மற்றவை யாவும் எந்தக் கடற்கரையிலும் நாம் காண்பவை. காண்பவை அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான் காணாத அந்தச் சிறிதும் நெஞ்சை உலுக்குகிறது.

கோடையைப் புட்டியில் அடைத்தவர்

1957-இல் வெளிவந்த 'டாண்டிலியன் ஒயின்' வாக்கீகன் வாழ்வை நேராகச் சொல்லும் புதினம். 1928-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். டக்ளஸ் என்பது ஆசிரியரின் நடுப்பெயர்; ஸ்பால்டிங் அவர் தந்தையின் நடுப்பெயர்.

டாண்டிலியன் என்பது புல்தரையில் தானே முளைக்கும் மஞ்சள் பூ. அந்நாட்டுத் தோட்டக்காரர் பலருக்கு அது பிடுங்கி எறிய வேண்டிய களை. கதையில் வரும் தாத்தாவோ அக்களைப்பூக்களைப் பறித்துவரச் செய்து, பிழிந்து, மதுவாக்கிப் புட்டிகளில் அடைக்கிறார். கோடையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புட்டி. பனிக்காலத்தில் நிலவறைக்குச் சென்று ஒன்றைத் திறந்தால், போன கோடையின் ஒரு நாள் திரும்பி வரும். பிராட்பரியின் எழுத்து முழுவதற்கும் இதுவே உவமை. பிறர் களையென்று ஒதுக்கியதை அவர் சாறாக்கிச் சேமித்தார்.

இந்நூலில் மந்திரவாதி இல்லை, மந்திரம் உண்டு. புதிய ரப்பர்க் காலணி அணிந்தால் மரங்களையும் வீடுகளையும் தாண்டலாம் என்று டக்ளஸ் நம்புகிறான். கையில் பணம் போதவில்லை. கடைக்காரக் கிழவரையே அக்காலணியை அணியச் செய்து, அவர் மறந்துபோன ஓட்டத்தை நினைவூட்டி, மீதிப் பணத்திற்கு வேலை செய்வதாகச் சொல்லி வாங்கிவிடுகிறான். பழைய போர்களையும் எருமைக் கூட்டங்களையும் நினைவில் வைத்திருக்கும் முதிய கர்னல் ஒருவரைச் சிறுவர்கள் காலயந்திரம் என்கிறார்கள். இரும்பும் சக்கரமும் இல்லாத காலயந்திரம்! நம் ஊர்த் திண்ணைகளில் இத்தகைய யந்திரங்கள் எத்தனை அமர்ந்திருந்தன என்று எண்ணிப் பார்த்தேன்.

இனிமை மட்டும் அங்கே இல்லை. ஓர் இரவு டக்ளஸ் வீடு திரும்பவில்லை. தம்பி டாமை அழைத்துக்கொண்டு தாய் ஓடைப்பள்ளத்தின் விளிம்புக்குச் சென்று பெயர் சொல்லி அழைக்கிறாள். விடையில்லை. அப்போது அவள் கை நடுங்குவதை டாம் உணர்கிறான். பெரியவர்களுக்கும் அச்சம் உண்டு, அவர்களும் இருட்டில் தனித்தே நிற்கிறார்கள் என்று அந்தக் கை அவனுக்குச் சொல்லிவிடுகிறது. சிறிது நேரத்தில் டக்ளஸ் வந்துவிடுகிறான், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் டாமின் உலகம் பழைய உலகமாக இல்லை. பேய் வராத இந்தப் பேய்க்கதையை நான் விடுதி அறையில் படித்தபோது எழுந்து விளக்கைப் போட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இராட்டினத்தின் ஒரு சுற்று

கார்னிவல் கூட்டங்கள் சிற்றூர்களுக்கு வந்து சில நாள் தங்கிப் போவது அக்கால அமெரிக்க வழக்கம். 1932-இல் ஏரிக்கரையில் அப்படி ஒன்று கூடாரமிட்டதாகவும், மின்சார நாற்காலியில் அமர்ந்து வித்தை காட்டிய ஒருவர் தம்மை வாளால் தொட்டு, என்றென்றும் வாழுமாறு முழங்கியதாகவும் பிராட்பரி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1962-இல், 'சம்திங் விக்கிட் திஸ் வே கம்ஸ்' என்னும் புதினத்தில் கார்னிவல் மீண்டும் வந்தது. 'தீயது ஒன்று இவ்வழி வருகிறது' என்பது அத்தலைப்பின் பொருள்.

அந்தக் கார்னிவலின் இராட்டினம் முன்னோக்கிச் சுற்றினால் ஏறியவருக்கு வயது கூடும். பின்னோக்கிச் சுற்றினால் குறையும். ஆசிரியர் செய்த பெருமாற்றம் இதுதான். சுருட்டுக் கடை, முடிதிருத்தகம், பள்ளிக்கூடம், நூலகம் எல்லாம் எந்தச் சிற்றூரிலும் இருப்பவையே.

தீமை யாரைப் பிடிக்கிறது என்று பாருங்கள். இளமைக்கு ஏங்கும் ஆசிரியை ஒருத்தி சிறுமியாகிவிடுகிறாள். யாரும் அவளை அடையாளம் காணமாட்டார்கள், வீடில்லை, பெயரில்லை, மரத்தடியில் அமர்ந்து அழுகிறாள். நூலகத்தைத் துப்புரவு செய்யும் சார்லஸ் ஹாலோவே, தம் மகனுக்கு ஏற்ற தந்தையாக இருக்க முடியாத அளவு தமக்கு வயதாகிவிட்டதே என்று வருந்துகிறார். இத்தகைய ஏக்கங்களே கார்னிவலுக்கு உணவு. அதை வெல்வது வாளோ வரமோ அன்று. தம் முதுமையை ஒப்புக்கொண்ட ஹாலோவேயின் சிரிப்பு. ஊர் மக்களின் மனக்குறைகளை அறியாத ஒருவர் இக்கதையை எழுதியிருக்க இயலுமா?

அழகற்ற ஊரா?

ஒரு திறனாய்வாளர் பிராட்பரியின் ஊரைப் பற்றி ஐயம் எழுப்பினார். வாக்கீகனின் துறைமுகமும் நிலக்கரி மேடைகளும் இருப்புப்பாதைக் கொட்டடிகளும் அழகற்றவை ஆயிற்றே, அவற்றை அவர் காணவில்லையா என்பது கேள்வி. 'டாண்டிலியன் ஒயின்' நூலுக்குப் பின்னாளில் எழுதிய முன்னுரையில் பிராட்பரி விடை தந்தார். கண்டதாகவும், அவற்றின் அழகில் மயங்கியதாகவும் சொன்னார். சரக்கு வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி மகிழும் சிறுவனுக்கு அவை அழகற்றவை ஆவது எங்ஙனம்?

இவ்விடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். ஊரின் பெயரை மறைத்தவன் நான். அந்தத் திறனாய்வாளரின் கண்ணால்தான் என் ஊரை நான் பார்த்திருந்தேன்.

நாம் செய்யத்தக்கது

அன்றிரவே ஒரு தாளில் பெயர்ச்சொற்களை எழுதத் தொடங்கினேன். புகைவண்டிக் கதவு, குளத்துப் படி, பாட்டியின் சுருக்குப்பை, ஆலைச் சங்கு. நான்காவது சொல்லில் கை நின்றது. என் தந்தை அந்த ஆலையில்தான் வேலை செய்தார். விடியற்காலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவாள். ஆலை மூடி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அம்மா ஐந்து மணிக்கே எழுகிறாள். சென்ற விடுமுறையில், "ஏம்மா இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டேன். தூக்கக் கலக்கத்தில், "சங்கு ஊதிடுச்சேடா" என்றாள்.

அன்று அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பனிமலையில் நாகத்தைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, ஊதாத சங்கு ஒருத்தியின் காதில் மட்டும் கேட்கும் அதிசயம் சொந்த வீட்டு அடுப்படியில் இருந்தது தெரியவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். பிராட்பரியும் ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்ற பின்னரே ஊரை எழுதினார். ஆகவே தொலைவு நமக்குத் தடையாகாது. நீங்களும் ஒரு தாளை எடுத்துப் பத்துப் பெயர்ச்சொற்களை எழுதிப் பாருங்கள். எந்தச் சொல்லில் கை நிற்கிறதோ அங்கே ஒரு கதை காத்திருக்கிறது. 1971-இல் சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள், பிராட்பரியின் புதினத்தை நினைந்து, அங்குள்ள பள்ளம் ஒன்றுக்கு டாண்டிலியன் என்று பெயரிட்டார்கள். வாக்கீகன் புல்தரையில் முளைத்த களைப்பூ அவ்வளவு தூரம் சென்றிருக்கிறது.

சங்கைப் பற்றிய கதையை எழுதத் தொடங்கிவிட்டேன். முடிந்ததும் அதே மூத்த மாணவரிடம் கொடுப்பேன். கதையின் முதல் வரியிலேயே என் ஊரின் பெயர் இருக்கும்.