அணுமின்சக்தியும் தன்னார்வ அறிஞர்களும்

பிரான்சு நாட்டில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘அணுசக்திக்கான சுற்றுச்சூழல் ஆர்வலர்கள்’ என்னும் தன்னார்வ அமைப்பு, அணுமின்சக்தியை ஆதரித்து மக்களிடையே கருத்துப் பரப்பியது. அணுக்கருவைப் பிளந்து வெப்பம் பெறுகையில் எதுவும் எரிவதில்லை. எனவே உலையிலிருந்து கரியமிலவாயு வெளிப்படுவதில்லை. சிறிதளவு யுரேனியமே பேரளவு மின்சாரம் தரும் என்பன இத்தகையோரின் வாதங்களாகும். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக்கும் 2004இல் இக்கருத்தை வலியுறுத்தினார்.

ஆயினும், 1986இல் செர்னோபிலிலும் 2011இல் புகுஷிமாவிலும் நேர்ந்த விபத்துக்கள் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துள்ளன. கதிரியக்கக் கழிவுகளைப் பன்னெடுங்காலம் காக்கும் பொறுப்பும், உலை அமைக்கத் தேவைப்படும் பெருமூலதனமும் எளியவையல்ல. அண்டை நாடான ஜெர்மனி, எஞ்சியிருந்த மூன்று அணுமின் நிலையங்களையும் 2023 ஏப்ரலில் மூடிவிட்டது.

எனவே, நன்மையோடு இடரையும் செலவையும் மறைக்காது எடுத்துரைக்கும் அறிஞர்களின் சொல்லே மக்களின் நம்பிக்கையைப் பெறும்.