கொடுமைக்குட்பட்ட குழந்தையும் ஆற்றுப்படுத்துதலும்

கார்த்திகைத் தீபநாளில் கீழ்பென்னாத்தூரினின்று திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்துகளில், தாய்மார் தம் மக்களின் கையை எத்துணை இறுகப் பற்றியிருப்பர் என்பதை அப்பக்கத்து நண்பர்கள் அறிவர். கூட்டத்திற் குழந்தை தவறிப்போகும், முன்பின் அறியாதவன் எவனேனும் தூக்கிச் செல்வான் என்னும் அச்சம் அவர்கட்கு உண்டு. அவ்வச்சம் பிழையன்று. ஆயினும், தீபங் கண்டு வீடு திரும்பிக் கதவைத் தாழிட்டு, 'இனிப் பயமில்லை' என்று தாய் கையை விடுகின்றாளே, குழந்தைகட்கு நேரும் கொடுமைகளிற் பெரும்பகுதி அதன் பின்னரே, அறிந்த இடத்தில், அறிந்தவர் கையால் நேர்கின்றது. இதனை முதலில் மனங்கொள்ளாது இப்பொருளைப் பற்றி எவ்வளவு பேசினும் பயனில்லை.

இந்திய அரசாங்கத்தின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி அறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை வினவியதில், நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ஏதேனும் ஒருவகைப் பாலியற் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவருட் சிறுவரும் சிறுமியரும் ஏறக்குறைய ஒத்த தொகையினர். கொடுமை செய்தோரிற் பாதியளவினர் குழந்தைக்கு அறிமுகமானவர், அல்லது அதனைக் காக்கும் பொறுப்புடையவர். பெரும்பாலான குழந்தைகள் அதனை ஒருவரிடத்தும் சொல்லவில்லை. அப்பதின்மூன்றனுள் தமிழ்நாடு இல்லையே என்று நம்மவர் ஆறுதல் கொள்ளுதற்கும் இடமில்லை. துளிர் என்னும் சென்னை நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் அந்நகரப் பள்ளி மாணவர் 2,211 பேரிடம் நிகழ்த்திய ஆராய்ச்சியில், நூற்றுக்கு 42 பேர் அவ்வாறே கூறினர்.

அடித்தல், உணவும் மருந்துமின்றிக் கைவிடுதல், இகழ்ந்து பேசி மனத்தை ஒடித்தல், பாலியல் வழியிற் கெடுத்தல் எனக் கொடுமை பலவகைத்து. அடியைப் பற்றி ஈண்டு நீள எழுதோம். தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் 2003-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றுப் பள்ளிகளிற் பிரம்படி விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுமைக்கும் அதனை விலக்கிற்று. 'அடியாத மாடு படியாது' என்று இன்றும் கூறும் ஆசிரியர் உளர். மாட்டைப் பற்றியும் அவர் அறிந்தது குறைவே. யாம் சிறப்பாகக் கூறப்புகுந்தது பாலியற் கொடுமையைப் பற்றி. என்னை? ஏனையவற்றை அண்டை வீட்டார் கண்ணாற் காண்பர். இதனைக் குழந்தை சொன்னாலன்றி அறிதற்கு வழி அரிது.

சொல்லும் குழந்தையை நாம் எங்ஙனம் கேட்கின்றோம்? எம் குறையையே சான்றாக வைக்கின்றோம். கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் யாம் சிலகாலம் பயிற்சியாசிரியராக இருந்தோம். அப்பக்கத்து மக்கள் பலர் கட்டட வேலையின்பொருட்டுப் பெங்களூருக்குச் செல்வது வழக்கம். பிள்ளைகள் பாட்டியிடத்தோ உறவினரிடத்தோ தங்குவர். அங்ஙனம் தங்கிய ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மாலை மணியடித்த பின்னும் வீடு செல்லான். கரும்பலகையைத் துடைத்தும் பெஞ்சுகளை நகர்த்தியும் பொழுது போக்குவான். ஒருநாள், "சார், ராத்திரிக்கு நான் இங்கேயே படுத்துக்கட்டுமா?" என்றான். யாம் நகைத்து, 'பெரியவர் சொற்கேட்டு நட' என்று அறிவுரை கூறி அனுப்பினோம். அவ்வீட்டுப் பெரியவர் ஒருவரால் அவனுக்கு நேர்ந்து வந்தது இன்னதென்று அவன் பாட்டி வாயிலாக யாம் அறிந்தபோது, பள்ளியாண்டு முடிந்து அவனும் வேற்றூர் சென்றுவிட்டான். 'ஏன் தம்பி?' என்று ஒரு சொற் கேட்டிருப்போமாயின் சொல்லியிருப்பான் என்றே இன்றும் எண்ணுகின்றோம்.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. சென்னை அயனாவரத்தில் 2018-ஆம் ஆண்டு வெளிப்பட்ட வழக்கிலே, செவிப்புலன் குறைந்த ஒரு சிறுமி, தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாள்தோறும் கண்டு பழகிய வேலையாட்களாற் பல மாதங்கள் துன்புற்றாள். ஊர் திரும்பிய தமக்கையிடம் அவள் சொல்லிய பின்னரே பெற்றோர் அறிந்தனர். 17 பேர் கைது செய்யப்பட்டனர். 2020 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இவ்வளவும் தமக்கை ஒருத்தி நம்பிக் கேட்டதனாற் றொடங்கிற்று.

இத்தகைய குழந்தை, பிழை தன்னதென்றே பெரும்பாலும் கருதுகின்றது. 'வெளியே சொன்னால் உன் அம்மா செத்துப் போவாள்' என்பன போன்ற மிரட்டல்களும், மிட்டாயும் காசும் வாங்கிய குற்றவுணர்வும் அதன் வாயை அடைக்கின்றன. விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையில் நீர்விடுதல் மீண்டும் தோன்றல், உறக்கம் கெடல், குறித்த ஒருவரை அல்லது ஓரிடத்தைக் கண்டு அஞ்சுதல், படிப்பிற் றிடீரெனத் தளர்தல், காரணமின்றிச் சினத்தல் முதலியன அடையாளங்களாகலாம். ஆயினும் இவற்றுள் ஒன்றைக் கண்ட அளவில் இன்னது நேர்ந்ததென்று துணிதல் கூடாது; இவை கேட்டறிதற்குக் காரணமாவன, தீர்ப்பாகா.

இனி, ஆற்றுப்படுத்துதலாவது யாது? அரசாங்கத்தார் இத்தொழிலுடையாரை ஆற்றுப்படுத்துநர் என்று அழைக்கின்றனர். நல்ல பெயரே இட்டனர். ஆற்றுப்படை நூல்கள் நம் மாணவர்கட்குப் புதியன அல்ல. அவற்றுள் மலைபடுகடாம், இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள செங்கத்தில் ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துவது. வழிகாட்டுவோன் கூத்தரைத் தூக்கிச் செல்வதில்லை, எவ்விடத்தில் வழுக்கும், எங்கே பாம்பும் யானையும் உள, இரவில் எவர் இடந்தருவர் என்று கூறுகின்றான், நடப்பவர் கூத்தரே. நல்ல ஆற்றுப்படுத்துநர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. அறிவுரை கூறுவதே அத்தொழில் என்று எண்ணுவோர் நம்மிற் பலர். எம் சிறுவனுக்கு யாம் அளித்ததும் அவ்வறிவுரைதானே!

சிறு குழந்தைக்குத் தனக்கு நேர்ந்ததைச் சொல்லச் சொற்களே இரா. ஆதலின் பொம்மை, மணல், வண்ணக்கோல் ஆகியவற்றின் வாயிலாக அது பேச விடப்படுகின்றது. முதற்கண் அஃது அச்சமின்றி அமர்தற்குரிய ஓரிடமும், மாறாத ஒரு முகமும் வேண்டும். பின்னர் நெஞ்சு படபடக்கும்போது மூச்சை அமைதிப்படுத்தும் பயிற்சியும், தன் உணர்ச்சிகட்குப் பெயரிடும் பயிற்சியும் தரப்படும். அதன் பின்னரே, குழந்தையின் போக்கிலே, நடந்தது சிறிது சிறிதாகச் சொல்லப்படும். அமெரிக்க அறிஞராகிய கோஹன், மன்னரினோ, டெப்ளிங்கர் என்போர் வகுத்த முறையில் இது பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகளில் நிறைவெய்துகின்றது; கொடுமை செய்யாத தாயோ தந்தையோ அதிற் சேர்த்துக்கொள்ளப்படுவர். தாயைச் சேர்ப்பது இன்றியமையாதது. 'நான் வேலைக்குப் போனதனாலன்றோ!' என்று அவள் அழுதுகொண்டிருக்கும் வீட்டிற் குழந்தை தேறுதல் எளிதன்று.

ஆற்றுப்படுத்துநரிடம் வருமுன் குழந்தை முதலிற் சொல்வது ஆசிரியரிடமாகவோ தோழரிடமாகவோ இருத்தலும் கூடும். நம் மாணவருள் ஆசிரியராகப் போவோர் பலராதலின் சில கூறுவாம். முகஞ் சுளியாது கேட்க. 'நம்புகின்றேன், சொன்னது நல்லது, உன்மேற் பிழையில்லை' என்க. 'அவன் இப்படிச் செய்தானா?' என்று விடையைக் கேள்வியிற் புகுத்தற்க. 'பிறகு என்ன நடந்தது?' என்பதே போதும். 'ஒருவருக்கும் சொல்லமாட்டேன்' என்று வாக்களித்தல் கூடாது. அதனைக் காக்க இயலாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்டார்க்கு இத்தகைய குற்றம் நேர்ந்ததை அறிந்தவர் எவரும் போலீசாருக்குத் தெரிவித்தல் கடமை. தவறின் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தார்மேல் வழக்கில்லை.

ஊர்ப் பெரியவர் கூடி, குடும்ப மானத்தை முன்னிட்டு ராஜி செய்துவிடுதலும் நடக்கின்றது. அந்த ராஜியைக் குழந்தையும் கேட்டுக்கொண்டிருக்கின்றது. காவல்நிலையத்தை அஞ்சியே பலர் இதற்கு இசைகின்றனர். ஆனாற் சட்டம் குழந்தையை நிலையத்துக்கு அழைக்கவில்லை. அதன் வாக்குமூலத்தை வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை துணை ஆய்வாளர்க்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றிப் பதிதல் வேண்டும். நீதிமன்றத்திற் குற்றஞ்சாட்டப்பட்டவன் அதன் கண்ணிற் படலாகாது.

1098 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; பள்ளி மாணவர்க்கு 14417 என்னும் எண்ணும் உண்டு. யாம் கண்ட சில பள்ளிகளில் இவ்வெண்கள் தலைமையாசிரியர் அறையில், பெரியவர் கண்ணுக்கு நேராக எழுதப்பட்டுள்ளன. அவற்றை வகுப்பறைச் சுவரில், ஐந்தாம் வகுப்புச் சிறுவன் நின்று படிக்கும் உயரத்தில் எழுதலாம்.