மருதமுனை: தறியோடு திரும்பிய ஊர்

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பை அடுத்து மட்டக்களப்பு வீதியில் உள்ளது மருதமுனை. கிழக்கே கடல், மேற்கே வயல். ஊருக்குப் பெயர் தந்தது கைத்தறி. சாரமும் சேலையும் தலைமுறை தலைமுறையாக இங்கு நெய்யப்படுகின்றன.

2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி உயிர்களோடு வீடுகளையும் தறிகளையும் கொண்டுபோனது. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்ட அரசாங்கம் முதலில் தடை விதித்தது. பின்னர் அத்தூரம் குறைக்கப்பட்டது. கரையோரக் குடும்பங்கள் பல வேறிடத்தில் குடியேறின. தறிச் சத்தம் மீண்டும் கேட்கிறது.

வீட்டோடு தொழிலும் திரும்பினால்தான் மீள்குடியேற்றம் நிறைவுபெறும். ஆகவே இழந்த தறி, தோணி, வலை ஆகியவற்றையும் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள்; ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுசெய்த காணி உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைப் பெறலாம்.

குடும்பமாகப் பேசுங்கள்: எந்தத் தொழிலை முதலில் தொடங்கலாம்? அதற்கு என்னென்ன கருவிகள் வேண்டும்?