நல்ல விறகு எது?

கோலா பிலா வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டிமார் சமைத்தது பெரும்பாலும் ரப்பர் விறகில்தான். 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களை மறுநடவுக்காக வெட்டுவர். அக்கட்டைகளே வீட்டு அடுப்பிற்கும், ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்தும் கூடத்திற்கும் எரிபொருளாயின.

மாணவச் செல்வங்களே! ஒரே மரத்தின் விறகு ஒரு வீட்டில் தெளிவாக எரிய, அடுத்த வீட்டில் ஏன் புகைகிறது? நீரே காரணம். பச்சை மரத்தின் எடையில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் நீராகும். அதனை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாவதால், கட்டை முழுமையாக எரியாமல் புகையைக் கக்குகிறது. ஈரம் 20 விழுக்காட்டிற்குக் கீழிறங்கினால் புகை வெகுவாகக் குறையும்.

இதை அறியாத தாய்மார் இலர். அறிந்தும் ஈர விறகை எரித்ததேன்? விலையின்றிக் கிடைத்ததை விட மனம் வராது. அதைப் பிளந்து மாதக்கணக்கில் அடுக்கி வைக்க மழை படாத கூரை வேண்டும். லயத்து வீட்டில் அவ்வளவு இடமேது? ரப்பர்க் கட்டையைக் கிடக்க விட்டாலோ பூஞ்சையும் வண்டும் பற்றிவிடும். விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்பவருக்கு விறகு பிளக்க நேரமுமில்லை. அறியாமையைவிட இடமும் நேரமுமே விறகைத் தீர்மானித்தன என்பேன்.

1980களில் ரப்பர் மரம் தளவாடத் தொழிலுக்குப் பெருமளவில் போகத் தொடங்கியது. எரிவாயுத் தோம்பும் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் கோயில் விருந்துகளில் விறகடுப்பு இன்றும் உண்டு.

வீட்டு எரிபொருட் புகையால் 2020இல் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

உலர்ந்த விறகின் முனைகளில் வெடிப்புக் காணும். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும்; ஈர விறகோ மந்தமாக ஒலிக்கும்.