மூச்சுக்கு ஒரு கார்பன்

இழுப்பு நோய் கண்டவர் மூச்சுக்குத் திணறுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே அதன் கொடுமை தெரியும். 1960களில் அதற்குத் தந்த ஐசோபிரினலின் மூச்சுக்குழாயை விரித்தது; இதயத்தையும் படபடக்க வைத்தது. பலனும் நீடிக்கவில்லை. ஏன் தெரியுமா? அதன் பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள். உடலிலுள்ள நொதி ஒன்று, அவற்றில் ஒன்றின்மீது மெத்தில் தொகுதியை ஏற்றி மருந்தை முடக்கிவிடும்.

இங்கிலாந்தின் வேர் நகரில், ஆலன் அண்ட் ஹான்பரிஸ் ஆய்வுக்கூடத்தில், டேவிட் ஜாக்கின் குழுவினர் 1966இல் வளையத்துக்கும் அந்த ஹைட்ராக்சிலுக்கும் நடுவே ஒரு கார்பனை நுழைத்தனர். கரும்பலகையில் அது ஒரு சிறு கோடுதான், நொதி ஏமாந்துவிட்டது! மறுமுனையில் நைட்ரஜனோடு பருத்த பியூட்டைல் தொகுதியைச் சேர்த்ததால், மருந்து இதயத்தைவிட மூச்சுக்குழாயையே அதிகம் நாடியது. அதுதான் 1969இல் விற்பனைக்கு வந்த சால்பியூட்டமால். 4 முதல் 6 மணி நேரம் பலன் தரும். ஆனால் இரவு முழுதும் தாங்க வேண்டுமே! ஜாக்கின் குழுவினரே பின்னர் நீண்ட வால் சேர்த்துச் செய்த சால்மெட்ரால் 12 மணி நேரம் தாங்குகிறது.