ஆற்றங்கரைக் கிணற்றை எப்போது நம்பலாம்?

தெஹியோவிட்டப் பக்கத் தோட்டங்களில் குடிதண்ணீர்ப் பேச்சை எடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "கிணறு ஆற்றுக்குத் தள்ளித்தானே இருக்கு, ஆறு கலங்கினா நமக்கென்ன?" சீதாவாக்கை ஆற்றோரத்தில் இந்தக் கணக்கு சரிவராது. மேட்டு லயத்தைச் சுற்றி மண்ணுக்குள் இறங்கும் மழைதான் பள்ளத்தில் பீலியாக வருகிறது, கிணற்றில் ஊறுகிறது, ஆற்றுக்குள் கசிந்து களனி கங்கைக்குப் போகிறது. தூரத்தை அளப்பதோடு நிற்காமல், இன்றைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பாருங்கள்.

வறட்சியில்: மலையிலிருந்து ஆற்றுக்கு

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனாலும் ஓடை ஓடும். அப்போது ஓடுவது பெரும்பாலும் நிலத்தடி நீர். சரிவில் இருக்கும் மலசலகூடக் குழி, மாட்டுக் கொட்டில், உரம் போட்ட நிலம் எல்லாவற்றின் கசிவும் அதோடு சேர்ந்து வரும். கரைத்து ஐதாக்க மழைநீரும் இருக்காது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்று ஏமாற வேண்டாம்.

கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 15 மீற்றர், அதாவது ஐம்பது அடி இடைவெளி விடச் சொல்வார்கள். சமதரைக்கு அது சரி. குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் அந்த ஐம்பது அடியை நம்பி இருக்காதீர்கள். கிணற்றுக்கு நேர் மேலே உள்ள சரிவில் குழி வெட்டவே வேண்டாம். யூரியா போடுவதென்றால் பெருமழைக்கு முதல்நாள் போடாதீர்கள். கரைந்து இறங்கும் நைத்திரேற்றைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

வெள்ளத்தில்: ஆற்றிலிருந்து கிணற்றுக்கு

மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் ஆற்று மட்டம் கிணற்று மட்டத்துக்கு மேலே ஏறலாம். அப்போது ஓட்டம் திரும்பி, ஆற்றுநீர் கரை மணலுக்குள் புகுந்து கிணற்றை நோக்கி வரும். வெள்ளம் கிணற்றுக் கட்டைத் தொட வேண்டும் என்றில்லை.

உங்கள் கிணறு எப்படி என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கயிற்றில் கல்லைக் கட்டி, கட்டிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே என்று நாள்தோறும் குறித்து வையுங்கள். உங்கள் பக்கம் மழை இல்லாமல், மேலே தெரணியகலைப் பக்கம் பெய்து ஆறு ஏறும் நாளில் கிணறும் கூடவே ஏறினால், இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. அப்படிப்பட்ட கிணற்றை, வெள்ளம் வடிந்த கையோடு நம்பாதீர்கள்.

வடிந்தவுடன் பம்ப் வைத்து ஒரேயடியாக இறைக்கவும் கூடாது. சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது கிணறு காலியானால் சுவர் இடியலாம். ஆற்றுநீரும் இன்னும் வேகமாக உள்ளே இழுபடும். மண் இறுகிய பிறகு சிறிது சிறிதாக இறைத்துக் குளோரின் இடுங்கள். 1.5 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீற்றர் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 5,300 லீற்றர். உங்கள் கிணற்றுக்கும் இப்படிக் கணக்குப் பார்த்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொன்னால், கைவசமுள்ள தூளின் வீரியத்துக்கேற்ப அளவு சொல்வார். அதுவரை தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

ஓடையையும் பாருங்கள்

ஓடைக் கரையில் செம்மஞ்சள் சேறும் எண்ணெய் மினுமினுப்பும் தெரிந்தால் குச்சியால் கீறிப் பாருங்கள். படலம் துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்புப் பக்றீரியா. நிலத்தடி நீர் அங்கே கசிந்து வெளிவருகிறது. உடனே மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய்.

பிறகு ஓடைக்குள் ஒரு கல்லைப் புரட்டுங்கள். அடியில் பூச்சிப் புழுக்கள் ஒட்டியிருந்தால் நல்லது. சாம்பல் நிற வழுவழுப்பு படிந்திருந்தால் மேலே எங்கோ கழிவு இறங்குகிறது. இறப்பர் சீட் போடும் வீடுகளில், அசிட் விட்டுப் பால் உறைந்தபின் மிஞ்சும் தண்ணீரை ஓடையோரக் குழியில் ஊற்றுவது வழக்கம். ஓடையில் ஊற்றவில்லையே என்று நினைப்போம். ஆனால் அந்தத் தண்ணீர் மணல் வழியே ஓடைக்குள் இறங்கி, ஒட்சிசனைத் தின்றுவிடும். குழியைக் கரைக்கும் கிணற்றுக்கும் நன்றாகத் தள்ளி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறியுங்கள். கரையோரத்துப் புல்லையும் மூங்கிலையும் களைநாசினி அடித்துக் கருக்காதீர்கள்; மண் கரைந்து வந்தால் சரளைக்கற்களின் இடுக்குகள் அடைபட்டு, அங்கே நடக்கும் இயற்கைச் சுத்திகரிப்பும் நின்றுபோகும்.

இதே கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடையில் ஒரு சிற்றோடையில்தான் பந்துல பெத்தியா என்ற மீன் இயற்கையாக வாழ்கிறது. 1991இல் அறிவியலுக்கு அறிமுகமான அது, மிக அருகிவிட்ட இனம். வயலுக்கும் இறப்பர் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் ஓடை அது. கரையில் அடிக்கும் மருந்து ஒரு இனத்தையே முடித்துவிடலாம்.

தொழிற்சாலைக் கழிவு என்று சந்தேகம் வந்தால், நாள், நேரம், இடம் குறித்து மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதுங்கள். இறப்பர் தொழிற்சாலை நடத்தச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது வழங்கப்படுகிறது. கிணற்று நீரை வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதியுங்கள்: ஒன்று மார்ச்சில், இன்னொன்று வெள்ளம் வடிந்த பிறகு. மார்ச் அறிக்கையைக் காட்டி, ஜூன் மாதத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.