அம்மாவை விமானம் ஏற்றும் முன்

ஜமுனாமரத்தூர்

அன்பு மருமகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பயணத் திட்டத்தைப் படித்தேன். வெள்ளி இரவு சென்னையில் ஏறிக் கோலாலம்பூர், சனிக்கிழமை பத்துமலை முருகன், ஞாயிறு ஊரைச் சுற்றிவிட்டு இரவே திரும்பி, திங்கள் காலை நீ அலுவலகம். அதற்காக வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் உன் அம்மா தனியாக மலை இறங்கி, சாயங்காலத்துக்குள் மீனம்பாக்கம் வந்து சேர வேண்டும்.

நம் குடும்பத்தில் விமானம் ஏறப்போகிற முதல் ஆட்கள் நீங்கள் இருவர்தான். என் தங்கை கடல் தாண்டிப் போகிறாள் என்பதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமையை மாற்று என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பத்து நாள் பயணம் போகிறவருக்கு ஒரு நாள் கெட்டால் ஒன்பது நாள் மிச்சம். இரண்டு நாள் பயணத்தில் மூன்று மணி நேரம் கெட்டாலே எல்லாம் போயிற்று. இதைக் கெடுக்கப்போவது விமானம் இல்லை கண்ணு, நம் மலைக்கும் சென்னை கவுன்ட்டருக்கும் நடுவில் கிடக்கிற 200 கிலோமீட்டருக்கும் மேலான தரைவழிதான். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். போளூர் மலைப்பாதையில் மரம் விழுந்தது என்று அவர்களிடம் சொன்னால் பாவப்படுவார்கள், கதவைத் திறக்கமாட்டார்கள்.

அந்தப் பாதையை நீ அறிவாய். மழை நாளில் வளைவில் பாறை உருண்டு கிடக்கும். வர வேண்டிய பஸ் வராவிட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. நடுவழியில் சிக்னல் கிடையாது. அம்மா எங்கே நிற்கிறாள் என்று உனக்குத் தெரியவும் வராது. திருவண்ணாமலை, திண்டிவனம் வழி வந்தால் பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். 2023 டிசம்பர் 30-ம் தேதி அந்த நிலையம் திறந்த பிறகு ஊருக்குள் வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். படிக்கத் தெரியாத ஒரு பெண்ணை அத்தனை பெரிய நிலையத்தில் இறக்கிவிட்டு, ‘சரியான வண்டி ஏறி வா’ என்று போனில் சொல்வது நியாயமில்லை. காவலூர், ஆலங்காயம் வழியாக இறங்கி ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்தால் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்குப் போகிறது. எனக்கு அந்த வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் எந்த வழியானாலும் ஒரு நாளாவது முன்னதாக, கூட ஒரு ஆளோடு.

இன்னொன்று, தேதி. நீ பார்த்து வைத்திருக்கிற விமானம் 00:40 மணிக்கு என்று எழுதியிருக்கிறாய். அது வெள்ளி இரவு விமானம் என்றால் டிக்கெட்டில் சனிக்கிழமைத் தேதி இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை 00:40 என்று எடுத்துவிட்டால் அது வியாழன் இரவு. நீங்கள் போய் நிற்கும்போது விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். படித்தவர்களே இதில் ஏமாந்து நிற்கிறார்கள். பணம் கட்டும் முன் இரண்டு பேர் பார்க்க வேண்டிய இடம் இது. மலேசியாவில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம். கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள் இருக்கின்றன. திரும்பும்போது எந்த முனையம் என்பதையும் டிக்கெட்டைப் பார்த்து இப்போதே குறித்து வை.

நவம்பர் கடைசி வாரம் என்று நாள் குறித்திருக்கிறாய். அது வேண்டாம். 2015 டிசம்பர் 1-ம் தேதி வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் நாலைந்து நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் மதியத்திலிருந்து மறுநாள் விடியும் வரை மூடினார்கள். அது சனிக்கிழமை, உன்னைப்போல வாரக் கடைசிக்கு என்று கிளம்பியவர்கள் எத்தனை பேர் அன்று தரையில் உட்கார்ந்திருப்பார்கள்! அதே புயல் உள்நாட்டுக்குள் வந்து நம் மாவட்டத்தை அடித்து, மறுநாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். வானமும் சாலையும் ஒன்றாக அடைபடுகிற மாதம் அது. பொங்கல் கழித்துப் போங்கள், அல்லது மழைக்கு முன் செப்டம்பரில். போகியன்று மட்டும் வேண்டாம்; 2018-ல் போகிப் புகையிலேயே சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் போயின. புயலே இல்லாமலும் நடக்கும். விமானிகளின் ஓய்வு நேரத்துக்குப் புது விதி வந்ததும் ஆள் போதாமல், 2025 டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் இண்டிகோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

அடுத்து, அம்மாவின் பெயர். அவளுக்கு ஒரே சொல்தான் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. விமான நிறுவனத்தின் இணையப் பக்கம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட அனுமதிக்காது. அவசரத்தில் உன் அப்பா பெயரைப் போட்டுவிடாதே. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன. சில வேறு மாதிரி. அவர்களிடமே கேட்டுப் போடு. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது எத்தனையோ தமிழர்கள் தவித்தார்கள். நம் முன்னோர் ஒரு பெயரோடு நிம்மதியாக வாழ்ந்தார்கள். கம்ப்யூட்டருக்குத்தான் அது போதவில்லை.

மலேசியா போக 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு விசா தேவையில்லை. அது கால வரம்போடு கொடுத்த சலுகை. நீங்கள் போகிற மாதத்தில் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். விசா இல்லாவிட்டாலும் அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். இருவருக்கும் தனித்தனியாக. பாஸ்போர்ட்டை அம்மா சாமை மூட்டைக்குப் பக்கத்தில் பரண் மேல் வைத்திருக்கிறாள். போன மழைக்கு அந்த மூலை ஒழுகியது. ஈரம் பட்டுப் பக்கம் ஒட்டிக்கொண்டால் அந்தப் பாஸ்போர்ட்டை ஏற்கமாட்டார்கள். நான் வாங்கி என் பீரோவில் வைத்துக்கொள்கிறேன்.

அதிகம் யோசித்து எழுதுகிற இடத்துக்கு வருகிறேன்.

அம்மா பத்தாவது படிக்கவில்லை, 50 வயதும் ஆகவில்லை. அதனால் அவள் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை. அந்த வகைப் பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் சென்னையிலேயே அதிகாரி அவளிடம் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். அது அவளை இளக்காரமாக நினைத்துக் கேட்பது இல்லை. சுற்றுலா என்று அழைத்துப்போய் ஏழைகளை விற்றுவிடுகிறார்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பையன்கள் 2022-ல் மியான்மரின் மியாவாடியில் மாட்டிக்கொண்டு, அரசுகள் தலையிட்டுத்தான் மீண்டார்கள். கேள்வி கேட்கிறவர் அதைத் தடுக்கத்தான் அங்கே இருக்கிறார்.

இது உனக்கும் எனக்கும் புரியும். உன் அம்மாவுக்குப் புரியுமா? பாஸ்போர்ட் சரிபார்ப்புக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்த அன்று அவள் களத்துப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் போய்க் கூட்டி வந்தேன். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்படை சுட்டு இறந்த 20 பேரில் நம் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். கூலிக்கென்று மலை இறங்கியவர்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் இங்கே யாராவது வெளியூர் கிளம்பினாலே பெண்கள் அழுதார்கள். நீ அப்போது சின்னப் பிள்ளை. சீருடையைக் கண்டு அவள் வாய் மூடிப்போவதற்கு அறியாமை காரணமில்லை.

ஆகவே குடியேற்ற வரிசையில் அவளை முன்னால் தனியாக அனுப்பாதே. ‘அம்மாவும் மகளும், சேர்ந்து வரலாமா?’ என்று கேள், பெரும்பாலும் விடுவார்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, உன் அலுவலக அடையாள அட்டை எல்லாவற்றையும் காகிதமாகவே எடுத்துக்கொள். போனில் சார்ஜ் தீர்ந்தால் ஒன்றும் காட்ட முடியாது. இதே கேள்விகளை மலேசியாவிலும் கேட்பார்கள், அங்கே அவளுக்குப் புரியாத மொழியில். எங்கே போகிறோம், எத்தனை நாள், யாரோடு, எப்போது திரும்புகிறோம் என்பதை நான் இங்கேயே தினமும் அவளிடம் பேசிப் பழக்குகிறேன். உண்மையைத்தானே சொல்லப்போகிறாள்; பயம்தான் போக வேண்டும். வழியில் பழகியவர் யாராவது ‘இந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்கள்’ என்றால், தமிழரானாலும் சரி, வாங்காதே.

மூட்டை விஷயம் சுருக்கமாக. அங்கிருக்கிற உன் சிநேகிதிக்கு அம்மா மலைத்தேன் கொடுத்தனுப்பப் பார்ப்பாள். தேனும் திரவக் கணக்குதான். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், சோதனையில் எடுத்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். அவள் கண் முன்னால் அது நடக்க வேண்டாம். அவள் சுருக்குப்பையில் பாக்குவெட்டி இருக்கும். அதை வீட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறேன். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது.

இத்தனையும் செய்த பிறகும் விமானம் தாமதமாகலாம், ரத்தாகலாம். அப்போது கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப உணவு தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ நீ கேட்கலாம். புயல் மழை காரணம் என்றால் இழப்பீடு கிடைக்காது. கட்டிய பணம் திரும்பும். அமைதியாகக் கேள், எழுத்தில் வாங்கு. ஒரு பயணக் காப்பீடும் எடுத்துவிடு.

ஆனால் கண்ணு, எது கெட்டாலும் அம்மா அருகில் நின்று கோபப்படாதே. அவள் தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்வாள். ‘நான் வராமல் இருந்தால் பிள்ளை ஒழுங்காகப் போயிருக்கும்’ என்று ஒருமுறை அவள் மனசில் விழுந்துவிட்டால், மறுபடி நீ எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டாள். பத்துமலையின் 272 படி எங்கேயும் போய்விடாது. அடுத்த வருஷமும் ஏறலாம். டிக்கெட் பணத்தையும் நீ மறுபடி சம்பாதித்துவிடுவாய்.

பணம் கட்டும் முன் அலுவலகத்தில் வெள்ளியும் திங்களும் விடுப்புக் கேள். கிடைத்த நாளைப் பார்த்து டிக்கெட் எடு. கிடைக்காவிட்டால் கிடைக்கும் மாதம் வரை பொறு. புறப்படுகிற வாரம் புதன்கிழமை நானே அம்மாவை ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் அழைத்துக்கொண்டு உன் அறைக்கு வந்து விடுகிறேன். இரண்டு இரவு உன்னோடு தூங்கி எழட்டும். மெட்ரோவில் ஒருமுறை அழைத்துப்போய் நகரும் படிக்கட்டில் ஏற்றி இறக்கிக் காட்டு. தேதி முடிவானதும் எனக்கு போன் செய்.

உன் மாமா